ஒரு நடன சீசன், இரண்டு மாலைகள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு சமகால நடனக் குழு தன் புதிய சீசனை அறிவிக்கும்போது, அதில் பெரும்பாலும் நான்கு வகை நிகழ்ச்சிகள் இடம்பெறும். இரண்டு அல்லது மூன்று குறும்படைப்புகளை இடைவேளை விட்டு அடுத்தடுத்து வழங்கும் மாலை ஒன்று. மாலை முழுவதற்கும் நீளும் புத்தம்புதிய படைப்பு ஒன்று. குழுவின் பழைய படைப்பொன்றின் மறுமேடையேற்றம் ஒன்று. அரங்கத்தை விட்டு வெளியே வந்து அருங்காட்சியகத்திலோ திறந்தவெளியிலோ நிகழ்த்தப்படுவது ஒன்று. எல்லாவற்றையும் பார்க்க நேரமும் வசதியும் உள்ளவருக்குத் தேர்வு பற்றிய கவலை இல்லை. ஒன்றிரண்டு மாலைகளை மட்டுமே ஒதுக்க முடிகிற, இந்தக் கலையோடு அதிகம் பழகாத ஒருவர் இவற்றில் எதற்குப் போகலாம் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாலைதான் உண்டென்றால் மறுமேடையேற்றத்துக்குப் போங்கள். இரண்டு மாலைகள் கிடைத்தால், அதே படைப்பை இரண்டாவது முறையும் பாருங்கள். வழக்கமாகச் சொல்லப்படும் ஆலோசனை இதற்கு நேர் எதிரானது என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது.

புதியவர்களுக்குப் பலரும் பரிந்துரைப்பது குறும்படைப்புகள் சேர்ந்த மாலையைத்தான். ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்தது பிடிக்கலாம், ஒரே மாலையில் மூன்று நடன அமைப்பாளர்களை அறிந்துகொள்ளலாம், கவனம் சோர்வதற்குள் இடைவேளை வந்துவிடும் என்பவை அதற்குச் சொல்லப்படும் நியாயங்கள். இந்த வடிவத்துக்கு நீண்ட வரலாறும் உண்டு. 1909-இல் ரஷ்யக் கலை அமைப்பாளர் தியாகிலெவ் பாரிஸில் மேடையேற்றத் தொடங்கிய பாலே ருஸ் குழு, ஓரங்க பாலேக்கள் பலவற்றைச் சேர்த்து ஒரு மாலையாக வழங்கியது. இன்றைய பல குழுக்களின் நிகழ்ச்சி அமைப்பு அந்த வழியில் வந்ததுதான். 1958-இல் ஆல்வின் ஐலி நியூயார்க்கில் நிறுவிய குழு, 1960-இல் அவர் உருவாக்கிய 'ரெவலேஷன்ஸ்' படைப்பைக் கொண்டு மாலையை முடிப்பதையே இன்றும் வழக்கமாக வைத்திருக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்க மக்களின் பக்திப் பாடல்களின் மேல் அமைந்த அந்தப் படைப்பு முதலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. பின்னர்தான் இப்போதுள்ள அரைமணிச் சொச்ச அளவுக்குச் சுருங்கியது. அதைப் பார்த்து எழுந்து வரும் பார்வையாளர் மனம் நிறைந்துதான் வருவார். ஆனால் அதற்கு முன் ஆடப்பட்ட இரண்டு படைப்புகளில் எத்தனை அசைவுகள் அவர் நினைவில் நிற்கும் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். குறும்படைப்பு மாலைகளில் ஆரவாரமானது கடைசியில் வைக்கப்படுவதும், அடக்கமானது நடுவில் அகப்பட்டுக்கொள்வதும் பெரும்பாலும் நடப்பதுதான். வெளியே வரும்போது பேச்சு, மூன்றில் எது நன்றாக இருந்தது என்ற தரவரிசையாகிவிடுகிறது.

எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. சமகால நடனத்தில் எல்லாருக்கும் பொதுவான சொற்களஞ்சியம் கிடையாது. பரதநாட்டியத்தில் ஒரு முத்திரையைப் பார்த்தவுடன், ஓரளவு பழகியவர்கூடப் பொருளை ஊகித்துவிடுவார். இங்கே ஒவ்வொரு படைப்பும் தனக்கான இலக்கணத்தைத் தானே வகுத்துக்கொண்டு, அதைப் பார்வையாளருக்குக் கண்முன்னேயே கற்றுக்கொடுத்தாக வேண்டும். அந்தக் கற்றலுக்கு நேரம் பிடிக்கும். பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் 1982-இல் உருவாக்கிய 'ஃபாஸ்' என்ற படைப்பின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் 'பியானோ ஃபேஸ்' இசையில் இரண்டு பியானோக்கள் ஒரே பன்னிரண்டு சுரக் கோவையைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒன்று மட்டும் மெல்ல மெல்ல வேகம் கூட்டி, மற்றதைவிட ஒரு சுரம் முந்திப்போய் நிற்கும், பிறகு இன்னொரு சுரம் முந்தும். மேடையில் ஒரே மாதிரி உடை அணிந்த இரண்டு பெண்கள் கையை வீசி அரைவட்டமாகத் திரும்புவதும் மீண்டும் திரும்புவதுமாக இருப்பார்கள். முதல் சில நிமிடங்களில் பார்ப்பவருக்கு இவ்வளவுதானா என்றுதான் தோன்றும். பின்னால் உள்ள வெள்ளைத் திரையில் அவர்களுடைய நிழல்கள் விழுகின்றன. இருபுறமும் ஒவ்வொரு நிழல், நடுவில் இருவருடைய நிழலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த, சற்றே அடர்ந்த மூன்றாவது நிழல். இருவரும் இணைந்து ஆடும்போது நடு நிழல் ஓர் உருவமாக இருக்கிறது. ஒருவர் இம்மியளவு முந்தத் தொடங்கியதும் அதன் கை இரண்டாகப் பிரிகிறது, பிறகு உடலே பிரிகிறது, நெடுநேரம் கழித்து மறுபடியும் ஒன்றாகிறது. காது முதலில் கேட்டுவிட்டதைக் கண் பிறகுதான் கண்டுகொள்கிறது. அதைக் கண்டுகொண்ட பிறகு அந்தத் திரும்பல்களில் ஒன்றைக்கூடத் தவறவிட மனம் வராது. இப்படி ஒரு படைப்பின் இலக்கணம் பிடிபடுகிற நேரத்தில் திரை விழுந்து, விளக்கு எரிந்து, எல்லாரும் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து முற்றிலும் வேறான இன்னொரு இலக்கணத்தைத் தொடக்கத்திலிருந்து கற்பது புதியவருக்குக் கடினமான வேலை. சலிப்பு வராமல் காப்பாற்றும் வடிவம் என்று சொல்லப்படுவது, உண்மையில் மூன்று முறை தொடங்கி மூன்று முறை அறுந்துபோகும் அனுபவமாகிவிடுகிறது.

இதற்கு விதிவிலக்கு உண்டு. மூன்று படைப்புகளும் ஒரே நடன அமைப்பாளருடையவை என்றால் முதலாவதில் கற்றது மூன்றாவதில் உதவும். இஸ்ரேலின் பட்ஷேவா நடனக் குழுவுக்காக ஒஹாத் நஹரின் 2000-இல் தொகுத்த 'டெக்காடான்ஸ்', அவருடைய பல படைப்புகளிலிருந்து எடுத்த பகுதிகளை ஒரே மாலையாக இணைக்கிறது. அரைவட்டமாகப் போட்ட நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் நடனக் கலைஞர்கள், ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய அடிகளைத் திரும்பச் சொல்லி வளர்ந்துகொண்டே போகும் மரபுப் பாடலுக்கு ஒருவர்பின் ஒருவராக அலைபோல் பின்னால் வளைந்து எழ, வரிசையின் கடைசியில் இருப்பவர் மட்டும் ஒவ்வொரு முறையும் நாற்காலியிலிருந்து தரையில் விழும் பகுதி அதில் மிகவும் அறியப்பட்டது. அறிவிப்பில் இதுபோன்ற ஒரே கையால் ஆன தொகுப்பு இருந்தால், குறும்படைப்பு மாலையைப் பற்றி நான் மேலே சொன்ன தடையை நீக்கிக்கொள்ளலாம்.

முழு மாலைக்கும் நீளும் புதிய படைப்பு, சீசன் அறிவிப்பில் பெரிய எழுத்தில் முன்னால் நிற்கும். நேரம் என்ற அளவுகோலில் அது குறும்படைப்பு மாலையைவிட மிகவும் மேலானது. அக்ரம் கானின் 'ஜீனோஸ்' (2018) முதல் உலகப் போரில் காலனிய ஆட்சிக்காகப் போரிட்ட இந்திய வீரர்களைப் பற்றிய, அவர் ஒருவரே ஆடிய முழுநீளப் படைப்பு. பாடகரும் தாளக் கலைஞரும் அமர்ந்திருக்கும் ஒரு கதக் கச்சேரியில் தொடங்கி, கலைஞனின் காலில் சுற்றியிருந்த சலங்கையே விலங்காக மாறுகிற இடத்துக்கு அது நகர்கிறது. அந்த மாற்றம் உறைக்க வேண்டுமானால், அதற்கு முன் அந்தச் சலங்கையின் ஒலியோடு போதிய நேரம் நாம் இருந்திருக்க வேண்டும். இருபது நிமிடப் படைப்பில் இது நடக்க வாய்ப்பில்லை.

ஆனாலும் புதிய படைப்பைப் பற்றி, சீசன் அறிவிப்புகளில் சொல்லப்படாத ஒரு நடைமுறை உண்மையை அறிந்திருப்பது நல்லது. பெரிய புதிய படைப்புகள் பல, பல அரங்கங்களும் விழாக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுத் தயாரிப்புகள். அரங்கங்கள் தம் நாட்காட்டியை வெகு முன்னதாகவே முடிவு செய்துவிடுவதால், முதல் மேடையேற்றத்தின் தேதி படைப்பு உருவாவதற்கு முன்பே குறிக்கப்பட்டுவிடுகிறது. தலைப்பும், அறிவிப்பில் நாம் படிக்கும் அந்த ஒரு பத்தி விளக்கமும், ஒத்திகை முழுவீச்சில் தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே "நினைவையும் இழப்பையும் பற்றிய தேடல்" என்பது போன்ற வாசகத்தை நம்பிப் போகிறவர், படைப்பு என்னவாக ஆகும் என்று படைப்பாளிக்கே தெரியாதபோது எழுதப்பட்ட ஒரு விருப்பத்தை நம்பித்தான் போகிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உடல்களோடு ஒத்திகைக் கூடத்தில் கண்டடையப்படும் கலை இப்படித்தான் இருக்க முடியும். முதல் மேடையேற்றத்துக்குப் பிறகும் காட்சிகள் வெட்டப்படுகின்றன, வரிசை மாற்றப்படுகிறது, முடிவு இறுக்கப்படுகிறது. எனவே புதிய படைப்பைப் பார்க்க முடிவு செய்தவர்கள், முதல் நாளின் பரபரப்பை விட்டுவிட்டு நிகழ்ச்சித் தொடரின் கடைசி நாட்களைத் தேர்ந்தெடுப்பதே மேல். அந்த நடன அமைப்பாளரின் இரண்டு மூன்று பழைய படைப்புகளை ஏற்கெனவே பார்த்திருந்து, அவர் இப்போது எங்கே போகிறார் என்று அறியத் துடிப்பவர்களுக்கு மட்டும் முதல் நாள் பொருந்தும். அவர்களுக்கு அரைகுறையாக நிற்கும் இடங்கள்கூடச் சுவையானவை.

மறுமேடையேற்றத்தை நான் முன்னால் வைப்பதற்கு, அது காலத்தால் சோதிக்கப்பட்டது என்பது ஒரு காரணம்தான். முதன்மையான காரணம் அதுவல்ல. நடனத்துக்கு எல்லாரும் படித்து நிகழ்த்தக்கூடிய எழுத்துப் பிரதி நடைமுறையில் இல்லை. ருடால்ஃப் லாபான் 1928-இல் வெளியிட்ட குறியீட்டு முறை இருக்கிறது என்றாலும், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பெரும்பாலான படைப்புகள் ஒளிப்பதிவுகளிலும், அவற்றைவிட முக்கியமாக, ஆடியவர்களின் உடல்களிலும்தான் தங்கியிருக்கின்றன. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 2009-இல் மறைந்த பிறகு, முன்பே வகுத்திருந்த திட்டத்தின்படி அவருடைய குழு ஒரு நீண்ட இறுதிப் பயணத்தை முடித்துக்கொண்டு 2011 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் கடைசியாக ஆடிக் கலைந்தது. இனிமேல் அவருடைய படைப்புகளை, அவற்றை ஆடியவர்கள் வேறு குழுக்களுக்குச் சென்று கற்றுக்கொடுத்தால்தான் பார்க்க முடியும். ஒரு மறுமேடையேற்றத்தில் நாம் பார்ப்பது இந்தக் கைமாற்றத்தையும் சேர்த்துத்தான்.

கைமாற்றம் ஒரு படைப்பை என்ன செய்யும் என்பதற்கு ஜெர்மானிய நடன அமைப்பாளர் பீனா பவுஷை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஸ்ட்ராவின்ஸ்கியின் 1913-ஆம் ஆண்டு இசைக்கு அவர் 1975-இல் வூப்பர்டாலில் அமைத்த 'வசந்தத்தின் சடங்கு' மேடை முழுவதும் பரப்பிய ஈரமண்ணின்மேல் ஆடப்படுகிறது. அந்தக் கரிய கரிமண்ணை மேடைப் பணியாளர்கள் இடைவேளையில் திரையை மூடாமல் நம் கண்ணெதிரே கொட்டி வாரிச் சமப்படுத்துவார்கள். அந்த மாலைக்குப் போகிறவர்கள் இடைவேளையில் இருக்கையை விட்டு எழாமல் இருப்பதே நல்லது. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் மெல்லிய வெளிர் உடைகளில் மண் ஒட்டத் தொடங்கும். வியர்வையோடு சேர்ந்து முகத்திலும் தோளிலும் அப்பிக்கொள்ளும். கால் புதைவதால் ஒவ்வொரு தாவலுக்கும் கூடுதல் முயற்சி தேவைப்படும். மூச்சிரைப்பு இசையின் இடைவெளிகளில் கேட்கும். ஒரு சிவப்புத் துணி பெண்களிடையே கைமாறிக் கைமாறிச் செல்லும். யாரும் அதைக் கையில் வைத்திருக்க விரும்புவதில்லை. கடைசியில் அது ஒருத்திக்கு உடையாக மாட்டப்படுகிறது, அவள் விழும்வரை ஆடுகிறாள். இதில் சோர்வை யாரும் நடிப்பதில்லை, மண் அதை உண்மையாகவே உண்டாக்குகிறது.

இந்தப் படைப்பு 1997-இல் பாரிஸ் ஓபரா பாலேவுக்குப் போனது. பின்னர் ஜெர்மெய்ன் அகோனி செனகலில் நிறுவிய நடனப் பள்ளியான எக்கோல் தே சாப்ளின் முன்முயற்சியோடு, 14 ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த 30-க்கும் மேற்பட்ட நடனக் கலைஞர்கள் அதைக் கற்றார்கள். 2020-இல் நடக்கவிருந்த முதல் நிகழ்ச்சி பெருந்தொற்றால் நின்றுபோக, 2021-இல் தொடங்கி அது மேடைகளைக் கண்டது. அசைவுகளும் மண்ணும் அதேதான், சிவப்புத் துணியும் அதேதான். உடல்களும் அவை பயின்று வந்த மரபுகளும் மாறியிருக்கின்றன. அப்போதுதான் படைப்பில் எது நடன அமைப்பாளருடையது, எது முதலில் ஆடியவர்களுடையது என்று பிரித்துப் பார்க்க வழி கிடைக்கிறது. பவுஷ் இந்தச் சோதனையைத் தாமே செய்து பார்த்தவர். ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் நெருங்கவும் விலகவும் படும் பாட்டைச் சொல்லும் 'கொண்டாக்ட்ஹோஃப்' என்ற 1978-ஆம் ஆண்டுப் படைப்பை 2000-இல் 65 வயதைக் கடந்தவர்களைக் கொண்டும், 2008-இல் பதின்பருவத்தினரைக் கொண்டும் மேடையேற்றினார். இரு முறையும் ஆடியவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். முதியவர் ஒருவர் நீட்டும் கையும் பதினைந்து வயதுச் சிறுவன் நீட்டும் கையும் ஒரே கோணத்தில் ஒரே கணக்கில் நீள்கின்றன. அவை சொல்வது ஒன்றல்ல.

எல்லா மறுமேடையேற்றமும் இவ்வாறு உயிரோடு இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒளிப்பதிவைப் பார்த்து அடிபிறழாமல் நகலெடுத்த, வடிவம் மட்டுமே மிஞ்சிய மறுமேடையேற்றங்களும் உண்டு. அறிவிப்பிலிருந்தே இதை ஓரளவு கண்டுகொள்ளலாம். ஒத்திகையை நடத்துபவர் யார், அவர் அந்தப் படைப்பை முன்பு ஆடியவரா என்பதை முதலில் பாருங்கள். நடன அமைப்பாளரின் பெயருக்கு அடுத்தபடி எனக்கு முக்கியமாகப் படும் பெயர் அதுதான். இசை நேரடியாக வாசிக்கப்படுகிறதா, ஆடுபவர்கள் புதியவர்களா என்பவை அடுத்து வரும். டி கீர்ஸ்மேக்கர் பல பத்தாண்டுகள் தாமே ஆடிவந்த 'ஃபாஸ்' படைப்பைப் பின்னர் இளையவர்களிடம் ஒப்படைத்தார். ஆடியவரே அருகிலிருந்து கற்றுத்தரும் இத்தகைய வாய்ப்பு ஒரு சீசனில் அமைந்திருந்தால், அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

அரங்கத்துக்கு வெளியே நிகழ்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்க நடன அமைப்பாளர் டிரிஷா பிரவுன் 1971-இல் நியூயார்க்கின் மொட்டைமாடிகளில் நடனக் கலைஞர்களை நிறுத்தி, ஒருவருடைய அசைவை அடுத்த மாடியில் இருப்பவர் பார்த்து அதற்கடுத்தவருக்குக் கடத்தும்படி அமைத்தார். கன்னிங்ஹாம் 1964-இல் வியன்னாவின் அருங்காட்சியகம் ஒன்றில் தம் படைப்புகளின் பகுதிகளைக் கலைத்து அடுக்கி நிகழ்த்தியதிலிருந்து அவருடைய 'ஈவென்ட்' வடிவம் பிறந்தது. எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்கிறார் என்பதும், சிறுவர்களைத் தயக்கமின்றி அழைத்துச் செல்லலாம் என்பதும் இதன் நிறைகள். ஆனால் கூட்டத்தில் கால்கள் தெரியாமல் போகலாம், கவனம் சிதறலாம், வானிலை கெடுக்கலாம். இருக்கும் ஒரே மாலையை இதற்குக் கொடுக்க நான் சொல்லமாட்டேன். மூன்றாவது மாலை வாய்த்தால் கட்டாயம் போகலாம்.

இனி, இரண்டாவது மாலையில் வேறொன்றைப் பார்க்காமல் அதையே ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்வி எஞ்சுகிறது. முதல் முறை பார்க்கும்போது கண், வேகமாக அசைபவரையும் நடுவில் நிற்பவரையும் பின்தொடர்ந்தே பழக்கப்பட்டிருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் கவனத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. மேடைக்கு மையம் என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை, எந்த இடமும் மற்ற இடத்துக்குச் சமமானது என்பது கன்னிங்ஹாமின் நிலைப்பாடு. அப்படி அமைந்த படைப்பில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களில் ஐந்து வேறு காரியங்கள் நடக்கும். ஒரு மாலையில் அதைப் பார்த்து முடிப்பது யாராலும் ஆகாது. கதை தெரிந்த பிறகும் ஒரே கூத்தை மக்கள் விடியவிடியப் பார்ப்பது, என்ன நடக்கும் என்பதற்காக அல்லாமல் எப்படி நடக்கிறது என்பதற்காகத்தானே. இரண்டாவது மாலையில் கண்ணுக்கு அந்த விடுதலை கிடைத்துவிடுகிறது. ஓரத்தில் அசையாமல் நின்றவர் அப்போதுதான் தென்படுவார்.

இருக்கையையும் இரண்டு மாலைகளுக்கும் மாற்றிக்கொள்வது பயன் தரும். முதல் முறைக்கு மேல்தளத்தில், சற்றுத் தொலைவில் உட்காருங்கள். முன்வரிசையிலிருந்து தரையைப் பார்க்க முடியாது. சமகால நடனத்தில் தரையில் வரையப்படும் வட்டங்களும் குறுக்குக் கோடுகளும் படைப்பின் பாதி. டி கீர்ஸ்மேக்கர் 2011-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'ஃபாஸ்' படைப்பின் தனிநடனப் பகுதியை வெண்மணலின்மேல் ஆடியபோது, அவருடைய கால்கள் மணலில் கீறிய வட்டமும் ஆரங்களும், அதுவரை அரங்கத்தின் கீழ்வரிசைகளில் இருந்தவர்கள் காணாமல் விட்ட உருவத்தை வெளிப்படையாகக் காட்டின. இரண்டாவது மாலைக்கு முன்வரிசைக்கு வாருங்கள். மூச்சும் பாதம் தரையில் உராயும் ஓசையும், ஒருவரையொருவர் தூக்குவதற்கு முந்தைய நொடியில் கண்கள் பரிமாறிக்கொள்ளும் சைகையும் அங்கேதான் கிடைக்கும். பவுஷின் படைப்புகளைப் போல முகமும் பேச்சும் முக்கியமாக உள்ள படைப்பென்றால் மட்டும் இந்த வரிசையைத் திருப்பிக்கொள்ளலாம்.

இரண்டு மாலைகளுக்கும் நடுவில் சில நாள் இடைவெளி விடுவது நல்லது. அந்த இடைவெளியில் விமரிசனங்களைத் தேடிப் படிக்காமல், நினைவில் நிற்கும் அசைவுகள் எவை என்று மட்டும் குறித்துவையுங்கள். பல குழுக்கள் சீசனில் ஏதாவது ஒரு நாளில் நிகழ்ச்சிக்குப் பின் கலைஞர்களோடு கலந்துரையாடலுக்கு ஏற்பாடு செய்கின்றன. நுழைவுச்சீட்டு வாங்கும்போதே அந்த நாள் எது என்று கேட்டு, அதை இரண்டாவது மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாலையிலேயே அதற்கு இருந்துவிட்டால், படைப்பு எதைப் பற்றியது என்ற பொதுவான கேள்வியைத்தான் கேட்கத் தோன்றும், அதற்கு வரும் பதிலும் அறிவிப்பில் இருந்த பத்தியைப் போலவே இருக்கும். இரண்டு முறை பார்த்தவர், மூன்றாவது பகுதியில் அந்தப் பெண் இடது ஓரத்தில் அவ்வளவு நேரம் ஏன் அசையாமல் நின்றாள் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல, ஆடியவரே மேடையில் எழுந்து நின்று காட்ட வேண்டியிருக்கும்.